பட்டகத்தின் பரப்பும் கன அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அளவியல் பாடத்தில் தடுமாறும் பிள்ளைகளும், வீட்டுச் சம்ப் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போடும் பெரியவர்களும் சிக்கிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் 'பட்டகம்' என்று வருமிடத்தில் 'அரியம்' என்றும், 'கனச்செவ்வகம்' என்பதைக் 'கனவுரு' என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

பட்டகம்னா அந்த முக்கோணக் கண்ணாடிதானே?

ஆய்வகத்தில் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் முப்பட்டகம் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான். ஒரே வடிவமும் ஒரே அளவும் உள்ள இரண்டு பலகோணங்கள் எதிரெதிரே இணையாக நின்று, அவற்றின் ஒத்த முனைகள் நேர்கோடுகளால் சேர்ந்தால் அது பட்டகம். செங்கல், தீப்பெட்டி, இன்னும் சீவாத அறுகோணப் பென்சில், இருபுறமும் சரிந்த கூடாரம் எல்லாமே பட்டகங்கள்.

சந்தேகம் வந்தால் ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் மனதுக்குள் வெட்டிப் பாருங்கள். அந்த இரண்டு பலகோண முகங்களுக்கு இணையாக எங்கே வெட்டினாலும் அதே வடிவம், அதே அளவு வர வேண்டும். பிரமிடு மேலே போகப் போகச் சிறுக்கிறது, வாளி விரிகிறது, இரண்டும் பட்டகம் ஆகா. உருளையின் முகம் வட்டம் என்பதால் இலக்கணப்படி அது பட்டகம் இல்லை, ஆனால் கீழே வரும் இரண்டு சூத்திரங்களும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

அடின்னா கீழே இருக்கிற பக்கம்தானே? கூடாரம் படுத்துக் கிடக்குதே, அதுக்கு எது அடி?

தவறான விடைகளில் பெரும்பகுதி பிறக்கும் இடம் இதுதான். 'அடி' என்ற சொல்லைக் கேட்டதும் தரையில் பதிந்த முகத்தை எடுத்துக்கொள்கிறோம். பட்டகத்தின் அடிமுகம் என்பது மேலே சொன்ன அந்த இரட்டை முகங்களில் ஒன்று. அது தரையிலும் இருக்கலாம், சுவர்போல் நிமிர்ந்தும் நிற்கலாம். கூடாரத்துக்கு முன்னும் பின்னும் தெரியும் முக்கோணங்கள்தான் அடிமுகங்கள்; தரையில் விரித்த செவ்வகம் ஒரு பக்க முகம்.

அடிமுகம் எது என்று தெரிந்துவிட்டால், இரண்டு அடிமுகங்களுக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தூரமே பட்டகத்தின் உயரம். படுத்த பட்டகத்தில் அதை 'நீளம்' என்று அழைப்பது நல்லது. காரணம் பின்னால் வருகிறது. கனச்செவ்வகத்துக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. எதிரெதிர் முகங்கள் மூன்று சோடியும் சமம் என்பதால் எதை அடியாக வைத்தாலும் கன அளவும் மொத்தப் பரப்பும் ஒன்றே.

கன அளவுக்கு ஏன் அடிப்பரப்பை உயரத்தால பெருக்கணும்? எங்கிருந்து வந்தது?

அடிமுகத்தின் பரப்பு 48 ச.செ.மீ. என்று வையுங்கள். அதன்மேல் 1 செ.மீ. தடிமனுக்கு ஒரு படலம் வைத்தால் அதில் 48 கன செ.மீ. அடங்கும். உயரம் 20 செ.மீ. என்றால் அதே படலம் 20 தடவை அடுக்கப்படுகிறது; 48 × 20 = 960 கன செ.மீ. எல்லாப் படலமும் ஒரே அளவு என்பதால்தான் பெருக்கினால் போதுமாகிறது. படலங்கள் சிறுத்துக்கொண்டே போனால் இந்தப் பெருக்கல் செல்லாது.

ஆகவே முக்கோணப் பட்டகத்துக்கு ஒன்று, சரிவகப் பட்டகத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடிமுகத்தின் பரப்பைக் காணத் தெரிந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

பக்கப் பரப்புக்குச் சுற்றளவு × உயரம்னு சொல்றாங்க. ஒவ்வொரு பக்கமா கூட்டக் கூடாதா?

தாராளமாகக் கூட்டலாம், விடை அதேதான் வரும். ஆனால் ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சித் தட்டை வெளியே தள்ளிவிட்டு மேலுறையை மட்டும் பாருங்கள். இரண்டு முனையும் திறந்த அந்த உறைதான் பக்கப் பரப்பு. ஒட்டிய ஓரத்தைப் பிரித்து விரித்தால் ஒரே செவ்வகம். அதன் ஒரு பக்கம் பெட்டியின் முனையைச் சுற்றி வந்த சுற்றளவு, மறுபக்கம் பெட்டியின் நீளம்.

பெட்டி 5 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம் என்று கொண்டால், முனையின் சுற்றளவு 2 × (3.5 + 1.5) = 10 செ.மீ. உறையின் பரப்பு 10 × 5 = 50 ச.செ.மீ. உண்மையில் அட்டை வெட்டும்போது ஒட்டுவதற்குக் கொஞ்சம் மடிப்பு கூடுதலாக விட வேண்டும். கணக்குப் புத்தகம் அதைக் கண்டுகொள்வதில்லை.

எப்போ பக்கப் பரப்பு, எப்போ மொத்தப் பரப்பு?

மொத்தப் பரப்பு = பக்கப் பரப்பு + இரண்டு அடிப்பரப்பு. எது வேண்டும் என்பதைக் கேள்வியின் பெயர்ச்சொல் சொல்லாது, வினைச்சொல் சொல்லும்: வெள்ளையடிக்கிறார்களா, மூடுகிறார்களா, தகரம் வெட்டுகிறார்களா? 4 மீ × 3 மீ அறை, உயரம் 3 மீ. நான்கு சுவர் மட்டும் என்றால் 14 × 3 = 42 ச.மீ. மேல்தளமும் சேர்த்தால் 54. தரைக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை என்பதால் 66 என்ற முழு மொத்தப் பரப்பு இங்கே தவறான விடை. கதவு சன்னல்களைக் கழிக்கவும் மறக்க வேண்டாம்.

மூடியில்லாத தொட்டி, இருபுறமும் திறந்த குழாய், தரையில் அமர்ந்த பெட்டி என்று வந்தால் சூத்திரத்தை விட்டுவிட்டு முகங்களை எண்ணுங்கள். அடிமுகம் முக்கோணமானால் மொத்தம் 5 முகம், நாற்கரமானால் 6, அறுகோணமானால் 8; எப்போதும் பக்க எண்ணிக்கையோடு இரண்டு. எண்ணியபின் இல்லாத முகத்தை அடித்துவிடுங்கள்.

முக்கோணப் பட்டகத்துல ரெண்டு உயரம் வருதே! எதை எங்கே போடுறது?

உண்மையில் மூன்று நீளங்கள் குழப்புகின்றன: முக்கோணத்தின் செங்குத்து உயரம், முக்கோணத்தின் சாய்ந்த பக்கம், பட்டகத்தின் உயரம். கடைசியதை 'நீளம்' என்று பெயர் மாற்றச் சொன்னது இதற்காகத்தான். ஒரு கணக்கு போடுவோம். அடிமுகம் இருசமபக்க முக்கோணம்: பக்கங்கள் 10, 10, 12 செ.மீ., உச்சியிலிருந்து 12 செ.மீ. பக்கத்துக்குச் செங்குத்து உயரம் 8 செ.மீ. பட்டகத்தின் நீளம் 20 செ.மீ.

அடிப்பரப்பு ½ × 12 × 8 = 48 ச.செ.மீ. கன அளவு 48 × 20 = 960 கன செ.மீ. சுற்றளவு 10 + 10 + 12 = 32 செ.மீ. பக்கப் பரப்பு 32 × 20 = 640 ச.செ.மீ. மொத்தப் பரப்பு 640 + 48 + 48 = 736 ச.செ.மீ. கவனியுங்கள்: 8 என்ற எண் பரப்பில் மட்டும் வந்தது, 10 என்ற எண் சுற்றளவில் மட்டும் வந்தது. 8 என்பது முக்கோணத்தின் உள்ளே ஓடும் கோடு. அதன்மேல் தகடு எதுவும் இல்லை, எனவே சுற்றளவில் அதற்கு இடமில்லை.

விடையைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். கன அளவு 1920 வந்தால் அரையை மறந்துவிட்டீர்கள். 1200 வந்தால் 8க்குப் பதில் சாய்ந்த 10ஐப் போட்டுவிட்டீர்கள். 480 வந்தால் பரப்பில் ஒருமுறை, கன அளவில் மறுமுறை என்று அரையை இரண்டு தடவை எடுத்திருக்கிறீர்கள். மொத்தப் பரப்பு 688 வந்தால் ஒரு முக்கோணம் விடுபட்டது.

முக்கோணத்தோட உயரமே கொடுக்கல. மூணு பக்கம் மட்டும்தான் இருக்கு. இப்போ?

முதலில் செங்கோண முக்கோணமா என்று பாருங்கள். 6, 8, 10 என்றால் 36 + 64 = 100; செங்கோணம்தான். சிறிய இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் பரப்பு ½ × 6 × 8 = 24. மூன்று பக்கமும் சமம் என்றால் பக்கத்தின் வர்க்கத்தை √3 ஆல் பெருக்கி 4 ஆல் வகுக்கலாம்; பக்கம் 6 செ.மீ. என்றால் 15.59 ச.செ.மீ.

மற்றவற்றுக்கு ஹெரான் சூத்திரம். பக்கங்கள் 13, 14, 15 என்றால் அரைச் சுற்றளவு 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. நான்கையும் பெருக்கினால் 21 × 8 × 7 × 6 = 7056; வர்க்கமூலம் 84. சுற்றளவு 42 என்பது ஏற்கெனவே கையில் இருப்பதால் பக்கப் பரப்புக்குத் தனி வேலை இல்லை. √3 வரும் கணக்குகளில் இடையிலேயே தசமத்தை வெட்டாதீர்கள். கடைசி வரியில் ஒருமுறை முழுமையாக்கினால் போதும்.

வாய்க்கால் கணக்குல மேலகலம், கீழகலம்னு ரெண்டு இருக்கே?

அதன் குறுக்குவெட்டு சரிவகம். மேலகலம் 3 மீ, கீழகலம் 2 மீ, ஆழம் 1.2 மீ, நீளம் 50 மீ என்று கொள்வோம். சரிவகத்தின் பரப்பு ½ × (3 + 2) × 1.2 = 3 ச.மீ. தோண்ட வேண்டிய மண் 3 × 50 = 150 கன மீ. ஆழத்தைச் செங்குத்தாக அளக்க வேண்டும். கரைச் சரிவின் மேலேயே டேப்பை வைத்து அளந்தால் 1.3 மீ கிடைக்கும். அதைப் போட்டால் 162.5 கன மீ., அதாவது தோண்டாத 12.5 கன மீட்டருக்கும் கூலி.

அந்த 1.3 மீ வீண் இல்லை, அது பூச்சுக் கணக்குக்கு வேண்டும். ஒவ்வொரு கரையும் மேலே போகும்போது அரை மீட்டர் வெளியே சாய்கிறது. 0.5, 1.2 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 1.69, வர்க்கமூலம் 1.3. சிமெண்டு பூச வேண்டிய அகலம் அடி 2, கரைகள் 1.3 + 1.3, ஆக 4.6 மீ, பரப்பு 4.6 × 50 = 230 ச.மீ. இங்கே 'சுற்றளவு × நீளம்' என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வாய்க்காலின் திறந்த வாய்க்கும் சேர்த்துப் பூசியதாகிவிடும்.

அறுகோண அடிக்கு என்ன பண்றது? நட்டு, போல்ட்டு மாதிரி?

ஒழுங்கு அறுகோணத்தை மையத்திலிருந்து பிரித்தால் ஆறு சமபக்க முக்கோணங்கள். எனவே பரப்பு = பக்கத்தின் வர்க்கம் × 2.598. பக்கம் 10 செ.மீ. என்றால் 259.8 ச.செ.மீ., சுற்றளவு 60 செ.மீ.

பட்டறையில் யாரும் அறுகோணத்தின் பக்கத்தை அளப்பதில்லை. ஸ்பானர் பிடிக்கும் எதிரெதிர்த் தட்டைகளின் இடைவெளியைத்தான் சொல்வார்கள். அந்த இடைவெளியின் வர்க்கத்தை 0.866 ஆல் பெருக்கினால் பரப்பு. 17 மி.மீ. அறுகோணக் கம்பிக்கு 289 × 0.866 = 250.3 ச.மி.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்கு 250.3 கன செ.மீ.; இரும்பின் அடர்த்தி கன செ.மீட்டருக்கு 7.85 கிராம் என்று கொண்டால் ஏறக்குறைய 1.96 கிலோ. நட்டு என்றால் நடுத்துளை ஓர் உருளை. அதன் கன அளவைக் கழிக்க வேண்டும். பரப்பு கேட்டால் கதை வேறு: இரண்டு முகத்திலும் வட்டங்கள் கழியும், ஆனால் துளையின் உட்சுவர் புதிதாகச் சேரும். இந்தச் சேர்க்கையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடி, அங்குலம், மீட்டர், லிட்டர்... எல்லாம் கலந்து வந்தா தலை சுத்துது.

பெருக்கத் தொடங்கும் முன் எல்லா அளவையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள், பாதி வழியில் மாற்ற வேண்டாம். 1 மீ 100 செ.மீ. என்பதால் 1 ச.மீ. 10,000 ச.செ.மீ., 1 கன மீ. 10,00,000 கன செ.மீ. பரப்பையும் கன அளவையும் வெறும் 100 ஆல் வகுப்பது மிகப் பழைய தவறு. 1 கன மீ. 1000 லிட்டர், 1 கன அடி 28.32 லிட்டர். மணலையும் ஜல்லியையும் 'யூனிட்' கணக்கில் பேசும்போது 1 யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீ.

கட்டட வேலையில் இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். ஒன்று, தளத்தின் கனம் அங்குலத்தில் இருப்பது. 20 அடிக்கு 10 அடி தளம், 5 அங்குலக் கனம் என்றால் 20 × 10 × 5 ÷ 12 = 83.3 கன அடி. 12 ஆல் வகுக்க மறந்தால் 1000 என்று வந்து நிற்கும். இது பெரிய பிழை, பார்த்தவுடன் பிடிபடும். மற்றது நைசாக நழுவும்: 4 அடி 6 அங்குலத்தை 4.6 என்று எழுதிவிட்டுக் கால்குலேட்டரில் தட்டுவது. 6 அங்குலம் அரை அடி, எனவே 4.5 என்றுதான் போட வேண்டும். 4 அடி 11 அங்குலம் இப்படி 4.11 ஆகிவிட்டால் முக்கால் அடிக்கு மேல் காணாமல் போகும்.

சம்ப் 9000 லிட்டர் பிடிக்கும்னு கணக்குப் போட்டோம். லாரித் தண்ணி 6000லயே ரொம்பிடுச்சு!

வெளியளவில் போட்டிருப்பீர்கள். வெளிப்புறம் 3 மீ × 2 மீ × 1.5 மீ என்றால் 9 கன மீ. சரிதான், ஆனால் அதில் சுவரும் அடங்கும். சுவரும் அடித்தளமும் 15 செ.மீ. கனம் என்றால் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு பக்கமும் கழியும், உயரத்தில் அடியில் மட்டும் கழியும். உள்ளளவு 2.7 × 1.7 × 1.35 = 6.1965 கன மீ.; சுமார் 6,196 லிட்டர். 15 செ.மீட்டரை ஒரு பக்கம் மட்டும் கழிப்பது இங்கே வழக்கமான சறுக்கல்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.80 கன மீ.; மூடியைச் சேர்க்காமல், தொட்டிக்கு ஆன கான்கிரீட் அவ்வளவு. உட்பூச்சுக்குச் சுவர்கள் 2 × (2.7 + 1.7) × 1.35 = 11.88, தரை 4.59, ஆக 16.47 ச.மீ. தண்ணீர் வெளியேறும் குழாய் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. கீழே இருந்தால் 1.35க்குப் பதில் 1.2 போடுங்கள்: 5,508 லிட்டர். அதற்கு மேல் நீர் நிற்காது.

தொட்டியில பாதி ஆழத்துக்குத் தண்ணி இருந்தா பாதி அளவுதானே?

சுவர்கள் செங்குத்தாக இருந்தால் ஆம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் முக்கோணத் தொட்டி மாதிரி அடியில் குறுகியிருந்தால் இல்லை. மேலகலம் 60 செ.மீ., ஆழம் 40 செ.மீ., நீளம் 2 மீ என்றால் நிறைய நிற்கும் நீர் ½ × 60 × 40 × 200 = 2,40,000 கன செ.மீ., அதாவது 240 லிட்டர். நீர் 20 செ.மீ. ஆழத்துக்கு இறங்கினால் நீர்மட்டத்தின் அகலமும் பாதியாகி 30 ஆகிறது. ½ × 30 × 20 × 200 = 60,000; வெறும் 60 லிட்டர், கால் பங்கு. சரிபாதி நீர் நிற்க ஆழம் 40 ÷ √2, சுமார் 28.3 செ.மீ. இருக்க வேண்டும்.

முன்னே பார்த்த வாய்க்காலிலும் இதே கதைதான், கொஞ்சம் மிதமாக. 0.6 மீ ஆழத்தில் நீர்மட்ட அகலம் 2.5 மீ, பரப்பு ½ × (2.5 + 2) × 0.6 = 1.35 ச.மீ. முழுப் பரப்பு 3 என்பதால் 45 விழுக்காடு.

நீச்சல் குளத்துல ஒரு ஓரம் ஆழம் கம்மி, மறு ஓரம் அதிகம். இது பட்டகமே இல்லையே?

பட்டகம்தான், பக்கவாட்டில் பாருங்கள். 25 மீ நீளம், 10 மீ அகலம், ஆழம் 1.2 மீட்டரிலிருந்து 1.8 வரை ஒரே சீராகச் சரிகிறது என்றால், நீளவாக்குச் சுவர் இரண்டும் ஒரே மாதிரியான சரிவகங்கள். அவைதான் அடிமுகங்கள், அகலம் 10 மீ பட்டகத்தின் நீளம். ½ × (1.2 + 1.8) × 25 = 37.5; கன அளவு 375 கன மீ., அதாவது 3,75,000 லிட்டர்.

ஓடு பதிக்கும் பரப்புக்கு முகங்களை எண்ணுவோம். நீளச்சுவர் இரண்டும் 75, ஓரச்சுவர்கள் 12 + 18 = 30. தரை சரிவாக இருப்பதால் அதன் நீளம் 25 மீட்டரைவிடக் கொஞ்சம் கூடும், ஆனால் எவ்வளவு தெரியுமா? 25.007 மீ. பரப்பில் 0.07 ச.மீ. வித்தியாசம், உடையும் ஓடு அதைவிட அதிகம் இருக்கும். தேர்வுத் தாளில் எழுதுங்கள், தளத்தில் விட்டுவிடுங்கள்.

கன அளவு ஒண்ணா இருந்தா பரப்பும் ஒண்ணாத்தானே இருக்கும்?

10 × 10 × 10, 20 × 10 × 5, 50 × 20 × 1: மூன்றும் 1000 கன செ.மீ. மொத்தப் பரப்பு முறையே 600, 700, 2140 ச.செ.மீ. தட்டையாகத் தட்டையாக அட்டைச் செலவு ஏறுகிறது. கனச்சதுரத்துக்குத்தான் இருப்பதிலேயே குறைவு. ஒரு வேடிக்கை: பக்கம் 6 செ.மீ. கனச்சதுரத்துக்குப் பரப்பும் 216, கன அளவும் 216. எண் ஒன்றானாலும் ஒன்று சதுர செ.மீ., மற்றது கன செ.மீ.; இரண்டையும் 'சமம்' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

அடிமுகத்தின் வடிவமும் இதில் பேசும். சுற்றளவு 12 செ.மீ. என்று நிலையாக வைத்தால் சமபக்க முக்கோணத்தின் பரப்பு 6.93, சதுரத்தின் பரப்பு 9, அறுகோணத்தின் பரப்பு 10.39. சுற்றளவு சமம் என்பதால் பக்கச்சுவரும் சமம், கொள்ளளவு மட்டும் கூடுகிறது. தேனடையில் அறுகோணம் வருவதை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். தளத்தைச் சம பரப்புகளாகப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் பிடிப்பது ஒழுங்கு அறுகோணமே என்பதைக் கணிதர் தாமஸ் ஹேல்ஸ் 1999இல்தான் நிறுவினார். தேன் அறையின் உள்முனை தட்டையாக இல்லாமல் மூன்று சாய்சதுரங்களாகக் குவிந்திருக்கும் என்பதால் கறாராகப் பார்த்தால் அது முழுப் பட்டகம் இல்லை.

எல்லா அளவையும் ரெண்டு மடங்காக்கினா விடையும் ரெண்டு மடங்கா?

பரப்பு 4 மடங்கு, கன அளவு 8 மடங்கு. உயரத்தை மட்டும் இரட்டித்தால் கன அளவும் பக்கப் பரப்பும் 2 மடங்கு. மொத்தப் பரப்பு 2 மடங்குக்குக் குறைவு, ஏனென்றால் அடிமுகங்கள் மாறவில்லை.

ரெண்டு பட்டகத்தை ஒட்டினா பரப்பைக் கூட்டிடலாமா?

கன அளவைக் கூட்டலாம், பரப்பைக் கூட்டக் கூடாது. ஒட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முகம் மறைந்துவிடுகிறது. வெட்டினால் தலைகீழ்: பக்கம் 6 செ.மீ. கனச்சதுரத்தை முகத்துக்கு இணையாக இரண்டாக அறுத்தால் 36 ச.செ.மீ. முகம் இரண்டு புதிதாகத் தோன்றி 216 என்பது 288 ஆகும்.

சரிவுக்கூரை வீட்டைப் பெட்டி ஒன்று, முக்கோணம் ஒன்று என்று பிரித்துவிட்டுப் பிறகு கழிக்க மறப்பதைவிட, முன்முகத்தை ஐங்கோணமாக வைத்து ஒரே பட்டகமாகப் போடுவது மேல். அகலம் 6 மீ, சுவர் 3 மீ, சுவருக்கு மேல் முகடு 4 மீ, வீட்டின் நீளம் 8 மீ என்றால் முன்முகம் 18 + 12 = 30 ச.மீ., உள்ளடங்கும் இடம் 240 கன மீ. கூரை ஒரு சரிவின் அளவு 3, 4 இலிருந்து 5 மீ; இரண்டு சரிவும் 2 × 5 × 8 = 80 ச.மீ. இறவாரத்துக்கு வெளியே நீளும் பகுதி இதில் இல்லை.

பட்டகம் சாய்ஞ்சு நின்னா சூத்திரம் மாறுமா?

கன அளவு மாறாது, பரப்பு மாறும். நோட்டுப் புத்தக அடுக்கு ஒன்றைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். அடுக்கு சாய்கிறது; புத்தகம் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை, மேசையிலிருந்து உச்சியின் உயரமும் அதேதான். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணிதர் கவலியேரியின் பெயரால் வழங்கும் கொள்கை இதைத்தான் சொல்கிறது. கன அளவு அடிப்பரப்பு × செங்குத்து உயரம். சாய்ந்த விளிம்பின் நீளத்தைப் போட்டால் விடை கூடிவிடும்.

பக்க முகங்கள் இப்போது செவ்வகங்களாக இருக்க வேண்டியதில்லை, இணைகரங்களாகலாம். எனவே அடிச்சுற்றளவு × உயரம் செல்லாது. சாய்ந்த விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டி, அந்த வெட்டுமுகத்தின் சுற்றளவைச் சாய்ந்த விளிம்பின் நீளத்தால் பெருக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் 'நேர்ப்பட்டகம்' என்று அழுத்திச் சொல்வது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

பண்ணைக் குட்டை நாலு பக்கமும் சரிவா இருக்கு. சராசரி எடுத்துப் போட்டா தப்பா?

வாய்க்காலில் கரை இரண்டு பக்கம்தான் சரிந்தது. அதனால் அது பட்டகம். குட்டையில் நான்கு பக்கமும் சரிந்தால் எந்தத் திசையில் வெட்டினாலும் வெட்டுமுகம் ஒரே அளவாக இருக்காது. பட்டகச் சூத்திரம் இங்கே நேராகப் பொருந்தாது, சராசரிகளும் சற்றுத் தவறும்.

மேல்வாய் 20 × 15 மீ, அடி 14 × 9 மீ, ஆழம் 2 மீ என்று வையுங்கள். மேற்பரப்பு 300, அடிப்பரப்பு 126. இரண்டின் சராசரி 213ஐ ஆழத்தால் பெருக்கினால் 426 கன மீ., உண்மையைவிடக் கூடுதல். நீள அகலங்களைச் சராசரி எடுத்து 17 × 12 × 2 போட்டால் 408, உண்மையைவிடக் குறைவு. சரியான வழி: மேற்பரப்பு, நடு ஆழத்துப் பரப்பின் நான்கு மடங்கு, அடிப்பரப்பு மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, 6 ஆல் வகுப்பது. நடுப்பரப்பு 17 × 12 = 204; (300 + 816 + 126) × 2 ÷ 6 = 414 கன மீ., அதாவது 4,14,000 லிட்டர்.

இந்தச் சூத்திரத்தில் பட்டகத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்று பரப்பும் ஒன்றாகிவிடுவதால் ஆறு மடங்கு அடிப்பரப்பை ஆறால் வகுத்து, பழையபடி அடிப்பரப்பு × உயரம் வந்து நிற்கும். பிரமிடைப் போட்டால் உச்சியில் பரப்பு பூச்சியம், நடுவில் அடிப்பரப்பின் கால் பங்கு. பாடநூலில் காரணம் தெரியாமல் நிற்கும் அந்த மூன்றில் ஒன்று கிடைக்கும்.